பெர்மிஷன்: அனுமதியா, இசைவா?

போட்டோ திருத்தும் ஆப் ஒன்றை அம்மா தன் போனில் நிறுவிக்கொண்டிருந்தார். கேமரா வேண்டும் என்று ஒரு பெட்டி வந்தது, தட்டினார். தொடர்பு எண்கள் வேண்டும் என்றது, தட்டினார். அப்புறம் இருப்பிடம். ஐந்து நொடிகூட ஆகியிருக்காது. "என்னம்மா கேட்டது?" என்றேன். "ஏதோ கேட்டுச்சு, அலோ கொடுத்துட்டேன்" என்றார்.

'அலோ கொடு', 'எஸ் கொடு', 'ஓகே கொடு' என்றுதான் நாம் எல்லாருமே சொல்கிறோம். பேச்சுத் தமிழ் இதைச் சரியாகவே பிடித்திருக்கிறது. அந்தப் பெட்டியில் நம்முடைய ஏதோ ஒன்று உண்மையிலேயே கைமாறுகிறது. அதற்கு நாம் வைத்திருக்கும் 'அனுமதி' என்ற பெயர்தான் பொருந்தவில்லை என்பது என் எண்ணம்.

பெர்மிஷன் லத்தீனிலிருந்து வந்த சொல். 'பெர்' என்றால் ஊடாக, 'மித்தேரே' என்றால் அனுப்புதல், போகவிடுதல். இரண்டும் சேர்ந்தால் வழிவிடுதல். யூனிக்ஸ் என்ற இயங்குதள வகையில் ஓடும் கணினிகளில் ஒவ்வொரு கோப்புக்கும் படிக்க, எழுத, இயக்க என்று மூன்று பெர்மிஷன்கள் இருக்கும். உரிமை இருந்தால் கோப்பு திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது. அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. இதை 'அனுமதி' என்பது சரி.

அனுமதி வடமொழிச் சொல். 'அனு' என்றால் பின்தொடர்ந்து, 'மதி' என்றால் எண்ணம். ஒருவர் எண்ணத்தோடு இன்னொருவர் மனமும் உடன்போவது என்பது வேரிலுள்ள பொருள். அழகான பொருள்தான், ஆனால் புழக்கத்தில் அது தேய்ந்துவிட்டது. 'உள்ளே வர அனுமதி இல்லை', 'அனுமதிச் சீட்டு' என்று மேலிருந்து வரும் உத்தரவாகவே இன்று காதில் விழுகிறது.

திரையில் வரும் பெட்டியோ நம்மைக் கேட்கிறது. விண்டோஸில் ஒரு நிரல் கணினியில் மாற்றம் செய்ய முயன்றால், நிர்வாகிக் கணக்கில் (எதையும் மாற்றும் உரிமையுள்ள கணக்கில்) இருப்பவருக்கு வரும் பெட்டியை மைக்ரோசாஃப்ட்டே 'கன்சென்ட்' என்ற சொல்லால்தான் குறிக்கிறது. சேர்ந்து உணர்தல் என்பது அதன் லத்தீன் வேர். தமிழில் இதற்கு நேராக நிற்பது 'இசைவு'. இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்றால் மறுத்தவர் யாரென்று தெரியாது. 'நான் இசையவில்லை' என்றால் மறுத்தது நான். 'ஒப்புதல்' என்றும் சொல்லலாம்தான், ஆனால் அதில் அலுவலகக் கோப்பின் வாடை இருக்கிறது.

அடுத்தது 'பிராம்ப்ட்'. இப்படி வந்து கேட்கும் பெட்டிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது. நாடகத்தில் வசனம் மறந்த நடிகருக்கு மறைவிலிருந்து எடுத்துக்கொடுப்பவரை ஆங்கிலத்தில் பிராம்ப்டர் என்பார்கள். கணினித் தமிழில் இதற்குத் 'தூண்டி' என்று ஒரு சொல் உண்டு. கட்டளைக்குக் காத்திருக்கும் திரைக்கு அது பரவாயில்லை. பாதுகாப்புப் பெட்டிக்கு வேண்டாம், ஏனென்றால் தூண்டுவது அதன் வேலையே இல்லை. நிறுத்திக் கேட்பதுதான் வேலை. அதனால் நான் 'இசைவுக் கேள்வி' என்றே எழுதுகிறேன்.

இந்தக் கேள்விமேல் மக்களுக்கு எரிச்சல் வந்ததற்கும் காரணம் உண்டு. 2007-இல் விண்டோஸ் விஸ்டா கடைகளுக்கு வந்தபோது, தொட்டதற்கெல்லாம் திரை மங்கி, பெட்டி வந்து நின்றது. "என் கணினி, நான்தான் நிர்வாகி, என்னையே கேட்பதா?" என்று பலர் அதை அணைத்தே வைத்தார்கள். உண்மையில் அந்த ஏற்பாட்டில், நிர்வாகியாக உள்நுழைந்தவர் திறக்கும் நிரல்களும் சாதாரண உரிமையோடுதான் ஓடும். 'எஸ்' சொன்ன பிறகே முழு உரிமை கிடைக்கும். திரை மங்குவதும் அழகுக்காக இல்லை. பின்னால் ஓடும் வேறு நிரல் ஏதும் நமக்குப் பதிலாக 'எஸ்' அழுத்திவிடாமல் இருக்கத்தான். 2008-இல் ஒரு பாதுகாப்பு மாநாட்டில் மைக்ரோசாஃப்ட் மேலாளர் ஒருவர், எரிச்சலூட்டுவதே நோக்கம் என்று வெளிப்படையாகச் சொன்னார். தேவையில்லாமல் நிர்வாகி உரிமை கேட்கும் மென்பொருள்களைச் செய்பவர்கள் திருந்த வேண்டும் என்பது கணக்கு. 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் கேள்விகள் குறைந்தன.

இதற்கு நேரெதிரான தவறான எண்ணமும் இருக்கிறது. பெட்டி வந்தால் கணினி சோதித்துப் பார்த்துவிட்டது, 'எஸ்' கொடுத்தால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பெட்டி நிரல் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. நிரலின் பெயரையும் வெளியிட்டவர் பெயரையும் காட்டிவிட்டு முடிவை நம்மிடம் விடுகிறது. வெளியிட்டவர் 'தெரியாதவர்' என்று இருந்தால் கை அங்கேயே நிற்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் முன்பு நிறுவும்போதே எல்லாவற்றையும் மொத்தமாகக் கேட்டுவிடுவார்கள். ஏற்றால் ஆப் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இலிருந்துதான் தேவைப்படும்போது தனித்தனியாகக் கேட்கும் முறை வந்தது. இசைவு என்ற சொல்லுக்கு அப்போதுதான் போனில் இடம் கிடைத்தது என்பேன். கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் அப்போதிருந்து வழி இருக்கிறது.

அன்று அம்மாவும் நானும் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தோம். தொடர்பு எண்களை எடுத்துவிட்டோம், இருப்பிடத்தையும் எடுத்துவிட்டோம். கேமராவை 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று வைத்தோம். அம்மா ஆப்பைத் திறந்து ஒரு படத்தை வெட்டிச் சேமித்தார். எல்லாம் வழக்கம்போலவே ஓடியது.