மீடிறன்: அணுக்கடிகாரத்துக்குள் எது மீள்கிறது?

மீடிறன், பெயர்ச்சொல். ஒரு செக்கனில் ஒரு நிகழ்வு எத்தனை தடவை மீள நிகழ்கிறது என்ற கணக்கு. அலகு ஹேர்ட்ஸ். இது இலங்கை வழக்கு, தமிழ்நாட்டில் அதிர்வெண் என்பார்கள்.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பக்கத்து வீட்டுத் தம்பி, ரூபிடியம் என்ற உலோகத்தின் அணுக்களைக் கொண்டு நேரத்தை அளக்கும் பழைய அணுக்கடிகாரம் ஒன்றை வாங்கியிருந்தான். தொலைத்தொடர்புக் கோபுர நிலையங்களிலிருந்து கழற்றி விற்கப்படும் சிறிய உலோகப் பெட்டி அது. யன்னலைச் சாரத்தால் மறைத்துவிட்டு மூடியையும் உள்ளிருந்த காந்தக் கவசத்தையும் எடுத்தான். சுண்டுவிரல் நுனியளவுக் கண்ணாடிக் குமிழ் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்து ஒளிர்ந்தது. தொடக்கூடாது, நூறு பாகை செல்சியசுக்கு மேல் சூடு. பழைய இறுவட்டில் அந்த ஒளியைத் தெறிக்கவைத்தபோது 420 நனோமீற்றர் அளவில் ஊதாக் கோடு பளிச்சென்று தெரிந்தது. கடிகாரத்துக்காக வேலை செய்வதோ 780, 795 நனோமீற்றர் கோடுகள். அவை கண்ணுக்குச் சரியாக எட்டுவதில்லை. கைபேசிக் கமராவில் மங்கலாகப் பிடிபட்டன.

"சேர், வீடியோக்களில் அதிர்வெண் என்கிறார்களே, இதற்குள் எது அதிர்கிறது?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. மீடிறனுக்கு ஆங்கிலத்தில் ஃபிரீக்வென்சி. அதன் தாய்ச்சொல் இலத்தீனின் ஃபிரீக்வென்ஸ். நெருக்கமான, அடிக்கடி நேர்கிற என்று பொருள். அதில் அதிர்வு என்ற பேச்சே இல்லை. நம்முடைய சொல் மீள் + திறன். நாள் + தோறும் நாடோறும் ஆனதுபோல ளகரமும் தகரமும் கூடி டகரமாயின. வகுப்பில் பரீட்சைப் புள்ளிகளை அட்டவணைப்படுத்தும்போதும் மீடிறன் என்றே எழுதுகிறோம். அங்கே என்ன அதிர்கிறது? தமிழ்நாட்டுப் பாடநூல் அதற்கு நிகழ்வெண் என்று இன்னொரு சொல் வைத்திருக்கிறது.

கடிகாரத்துக்குள் நடப்பதும் மீளல்தான். குமிழின் ஒளி ரூபிடியம் ஆவி நிறைந்த கலத்தினூடாகப் போகிறது. அணுக்கள் ஒளியை உறிஞ்சி, இனி உறிஞ்சமுடியாத நிலைக்குப் போய்ச் சேர்கின்றன, கலம் தெளிகிறது. 6,834,682,610 ஹேர்ட்ஸ் அளவில் நுண்ணலை பட்டால் அவை பழைய நிலைக்கு மீள்கின்றன, மறுபடி உறிஞ்சுகின்றன, ஒளி சற்றே மங்குகிறது. அந்த மங்கலை நம் கண் அறியாது. ஒளியை மின்னாக்கும் ஒளி இருவாயி அறியும். நுண்ணலையின் மீடிறன் மங்கல் அதிகமாகும் எண்ணிலேயே நிற்கும்படி, அந்த நுண்ணலைக்கு மூலமான குவார்ட்ஸ் படிகத்தைப் பிடித்துவைப்பது மின்சுற்றின் வேலை. எண்ணப்படுவது நுண்ணலை, ஒளி வெறும் சாட்சி.

மீடிறனில் குறை இல்லாமலும் இல்லை. திறன் என்றால் ஆற்றலா, எண்ணா? வாற்றில் அளக்கும் பவரை நாம் வலு என்கிறோம், அதைத் தமிழ்நாட்டில் திறன் என்பதால் அங்கிருந்து வாசிப்பவர் வாற்றுக் கணக்கென்று மயங்கக்கூடும். அந்தப் பாதியில் அதிர்வெண்ணின் 'எண்' தெளிவானது. 'மீளெண்' என்று வைத்திருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை.

பெட்டியின் ஆங்கில வில்லைக்குக் கீழே தம்பி இப்போது ஒரு கடதாசித் துண்டை ஒட்டியிருக்கிறான்: 'ரூபிடியம் மீடிறன் நியமம், வெளியீடு 10 மெகாஹேர்ட்ஸ்.'