செடான்: தூக்கிச் சென்ற நாற்காலியின் பெயர்

மூன்று பெட்டியாகப் பிரிந்த காருக்குச் செடான் என்று பெயர். முன்னால் எஞ்சினுக்கு ஒன்று, நடுவில் ஆட்களுக்கு ஒன்று, பின்னால் சாமான்களுக்கு ஒன்று. கடைசிப் பெட்டியைத்தான் டிக்கி என்கிறோம். பெரும்பாலும் நான்கு கதவு, இரண்டு வரிசை இருக்கை, நிலையான கூரை. இது இன்றைய பொருள். சொல்லோ கார் பிறப்பதற்கு ஏறக்குறைய 250 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் புழங்கியது.

1634இல் சர் சாண்டர்ஸ் டன்கோம் என்பவர், லண்டனில் மூடிய நாற்காலிகளை வாடகைக்கு விடும் தனியுரிமையை அரசரிடம் பெற்றார். ஒருவர் உட்காரும் அளவுக்கு ஒரு பெட்டி. இரு பக்கமும் கழி. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தூக்கிச் செல்வார்கள். இதற்குத்தான் 'செடான்' நாற்காலி என்று பெயர். பிரான்சில் செடான் என்றொரு ஊர் இருப்பதால் அங்கிருந்து வந்த பெயர் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. 'உட்கார்' என்று பொருள்படும் 'செடேரே' என்ற லத்தீன் வினையோடு உறவு இருக்கலாம் என்பது இன்னொரு கருத்து. எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. 1912 வாக்கில் அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் நிறுவனம் தன் மூடிய கார்களை இந்தப் பெயரில் விற்றது.

மற்ற மொழிகள் வேறு வழியில் போயின. இங்கிலாந்தில் இதையே 'சலூன்' என்பார்கள். கூடம் என்று பொருள். பிரெஞ்சில் 'பெர்லின்', அந்த நகரத்தின் பெயரால் வழங்கிய குதிரை வண்டியிலிருந்து வந்தது. ஜெர்மானியர்களுக்குச் சாதாரணச் செடான்கூட 'லிமூசின்'தான். ஒன்று கூடம், ஒன்று வண்டி. செடான் என்ற பெயரில் மட்டும்தான் உட்கார்ந்திருக்கும் ஆள் தெரிகிறார்.

பழைய சொகுசுச் செடான் ஒன்றில் பின்னிருக்கையில் உட்கார்ந்து பார்த்தவருக்குச் செடான் என்ற சொல்லின் இந்த முதல் அர்த்தம் உடனே புரியும். டிக்கி தனி அறையாக இருப்பதால் பின்சக்கரச் சத்தம் நேராகக் காதுக்கு வராது. இடையில் தகடும் இருக்கையும் நிற்கின்றன. பின்புறம் முழுவதும் கதவாகத் திறக்காததால் வண்டியின் உடல் முறுக்காமல் உறுதியாக இருக்கும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே நீளம் அதிகம் என்பதால், மேடுபள்ளத்தில் வண்டி ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடுவது குறையும். இதற்கு மேல் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் வித்தையைக் காட்டினார்கள். 1955இல் வந்த சிட்ரோயன் டிஎஸ் இரும்புச் சுருளுக்குப் பதில் வாயுவையும் எண்ணெயையும் வைத்து மிதந்தது. 1989இன் லெக்ஸஸ் எல்எஸ் 400 அமைதியாலேயே பெயர் வாங்கியது. 1991இன் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் சன்னல் கண்ணாடியே இரட்டை அடுக்கு. உட்கார்ந்திருப்பவரை அலுங்காமல் கொண்டுசேர்ப்பதுதான் இத்தனை உழைப்பின் நோக்கமும். தூக்குபவரின் தோளுக்கு இருந்த வேலை அது.

வாங்கி வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். வண்டியின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். உதிரிபாகத்தின் விலை அதனுடன் சேர்ந்து இறங்காது. அது என்றைக்கும் புது வண்டிக்கு வைத்த விலைதான். முதலில் போவது ரப்பர்: சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள புஷ்கள், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட், கதவு ஓரத்துப் பட்டை. சுருளுக்குப் பதில் காற்றுப்பையில் நிற்கும் ஏர் சஸ்பென்ஷன் வைத்த வண்டி ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் பார்க்கும்போது ஒரு மூலை தாழ்ந்திருந்தால், காற்றுப்பை கசிகிறது என்று எண்ணிக்கொள்ளலாம். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் கருகிவிடும். அப்புறம், ஓட்டாமல் பூட்டி வைப்பது பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். நின்றே கிடந்தால் சீல்கள் காய்ந்துபோகும், பிரேக் எண்ணெய் ஈரம் இழுக்கும். வாரம் ஒருமுறையாவது நன்றாகச் சூடேறும்வரை ஓட்ட வேண்டும்.

பலர் 20 வயதான வண்டியையும் 'வின்டேஜ்' என்று அழைக்கிறார்கள். அது பிழை. பிரிட்டிஷ் கார் ஆர்வலர்களின் வழக்கில் அந்தச் சொல் 1919 முதல் 1930 வரை செய்த கார்களுக்கு உரியது. 'பழைய' என்றாலே போதும், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'சொகுசு' பற்றி எனக்குக் குறையில்லை. 'லக்ஸுரி'யின் லத்தீன் மூலம் மிகையைக் குறிப்பது. சொகுசுக்கு உறவான 'சொகசு' தெலுங்கிலும் கன்னடத்திலும் அழகு என்றே பொருள்படும். நம் சொல்தான் இந்த வண்டிகளுக்கு நியாயம் செய்கிறது. காருக்கு 'மகிழுந்து' நிலைத்துவிட்டது. செடானுக்கு, பாடநூல் நடையில், 'மூவறை மகிழுந்து' என்று எழுதலாம். வடிவத்தை அப்படியே சொல்லிவிடும். ஆனால் உட்காருதல் அதில் காணாமல் போகிறது.

நமக்கு ஒரு பழைய சொல் உண்டு. 'அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை' என்கிறது குறள். சிவிகை என்றால் பல்லக்கு. பொறுத்தவன் தூக்குபவன், ஊர்ந்தவன் உள்ளே இருப்பவன். செடான் நாற்காலியின் முழுப் படமும் இந்த ஒன்றே முக்கால் அடியில் இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை 'சிவிகையுந்து'. ஊர்ந்தவனின் இருக்கை சிவிகையில் இருக்கிறது; பொறுத்தவனின் இடத்துக்கு வந்த எஞ்சின் 'உந்து' என்பதில் இருக்கிறது. சிவிகை வடமொழிச் சிபிகையோடு தொடர்புடையது என்று சிலர் மறுக்கலாம். குறளுக்குள் வந்து உட்கார்ந்த சொல்லை அயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பேச்சில் செடான் என்றே இருக்கட்டும். எழுதும்போது 'பழைய சிவிகையுந்து ஒன்று வைத்திருக்கிறேன்' என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்.