பாதியில் நின்ற டேட்டா: எத்தனை பைட் போனது என்பதையும் டிரைவர் சொல்லட்டும்

டிரைவர் (ஹார்டுவேரை இயக்கும் மென்பொருள்) கோடு ரிவ்யூவுக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது எரர் பாதையைத்தான். டைம்அவுட் ஆனாலோ, கேபிளைப் பிடுங்கினாலோ மேலே என்ன சொல்லி அனுப்புகிறது? பல டிரைவர்கள் ஒரு எரர் எண்ணோடு நிறுத்திக்கொள்கின்றன. அதுவரை போய்ச் சேர்ந்த பைட்டுகளைப் பற்றிப் பேச்சே இருக்காது. அப்ளிகேஷனோ எதுவும் போகவில்லை என நம்பி முதலிலிருந்து அனுப்பும். எதிரே இருப்பது மோட்டார் கன்ட்ரோலர் என்றால் அதே கட்டளை இரண்டு தடவை ஓடிவிடும்.

யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸின் விதி தெளிவானது. ஒரு பைட்கூடப் போகும் முன் சிக்னல் குறுக்கிட்டால் எரர். கொஞ்சமாவது போயிருந்தால் அந்த எண்ணிக்கை.

சீரியல் போர்ட்டை எடுத்துக்கொள்வோம். 4096 பைட் பஃபரோடு டிஎம்ஏ (பிராசஸர் கை வைக்காமலே டேட்டாவை மெமரிக்கு நகர்த்தும் ஹார்டுவேர்) ஓடுகிறது. 1500 பைட் வந்ததும் எதிர்முனை அமைதியாகிவிட்டது. பஃபர் நிரம்பாததால் டிஎம்ஏ முடிந்ததென்ற இன்டரப்ட் (பிராசஸரைக் கூப்பிடும் ஹார்டுவேர் சைகை) வராது, போர்ட்டின் டைம்அவுட் இன்டரப்ட்தான் வரும். இங்கே வரிசை மாறக்கூடாது. முதலில் டிஎம்ஏ சேனலை பாஸ் (pause) செய்து நிறுத்தி வையுங்கள், அப்புறம் மீதியை, அதாவது இன்னும் வராத பைட்டுகளின் எண்ணிக்கையை, படியுங்கள் (2596 வர வேண்டும்), கடைசியில் டெர்மினேட் செய்து முழுதாக முடியுங்கள். டெர்மினேட் செய்தபின் மீதியைக் கேட்டால் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது. ஓடும்போதே படித்தால் எண் அடுத்த நொடியே பழசாகிவிடும். லினக்ஸில் பிஎல்330 என்ற டிஎம்ஏ கன்ட்ரோலரின் டிரைவரில் பாஸ் செய்த சேனலை மறுபடி ஓட்ட முடியாது. டெர்மினேட்டுக்கு முன் மீதியைப் பத்திரமாகப் படிக்கவே அந்த பாஸ் வசதியைச் சேர்த்தார்கள்.

சில கன்ட்ரோலர்களால் மீதியை நுணுக்கமாகச் சொல்லவே முடியாது. முழு டிஸ்கிரிப்டர் (டிஎம்ஏவுக்குக் கொடுத்த ஒரு வேலையின் குறிப்பு) முடிந்ததா இல்லையா என்பது மட்டுமே தெரியும். அப்படிப்பட்ட சேனல் கிடைத்தால் லினக்ஸின் பிஎல்011 சீரியல் போர்ட் டிரைவர் ரிசீவ் பக்கம் டிஎம்ஏவையே பயன்படுத்தாது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. தெரியாத எண்ணை ஊகித்துச் சொல்வதைவிட மெதுவாக வேலை செய்வது எவ்வளவோ மேல்.

யுஎஸ்பியில் கேன்சல் ஆன யூஆர்பியிலும் (லினக்ஸில் ஒரு யுஎஸ்பி டேட்டா கோரிக்கை) ஆக்சுவல் லெங்த், அதாவது உண்மையில் நகர்ந்த அளவு, என்ற புலத்தைப் பாருங்கள். ஸ்டேட்டஸ் எரர் என்பதற்காக வந்த டேட்டாவைத் தூக்கி எறியாதீர்கள். ஆனால் ஹார்டுவேர் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பவும் முடியாது. சில யுஎஸ்பி ஸ்டோரேஜ் சாதனங்கள் மீதியைத் தப்பாகச் சொல்வதால், அதைப் புறக்கணிக்கவே லினக்ஸில் தனி ஃபிளாக் இருக்கிறது. மீதி, கேட்ட அளவைவிடப் பெரிதாக வந்தால் கழிக்கும் முன்பே சோதியுங்கள். மைனஸ் எண்ணே இல்லாத அன்சைன்ட் கணக்கில் கழித்த விடை பிரம்மாண்டமான எண்ணாக மாறி பஃபருக்கு வெளியே படிக்க வைத்துவிடும்.