தண்ணீர் வற்றும் நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள்

சில வருடங்களுக்கு முன் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில், அலையாத்திக் கன்று நடும் இடத்தை முடிவு செய்யக் காலை 11 மணிக்குக் கூட்டம் போட்டோம். நடத்தியவள் நான். கரையோரச் சேற்றுத் திட்டு ஒன்று எதிர்ப்பே இல்லாமல் தேர்வானது. தீர்மான ஏட்டில் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

திரும்பும் வழியில் பார்க்கிறேன், அதே திட்டில் இடுப்பளவு தண்ணீரில் பெண்கள், பறியை, அதாவது பிடித்ததைப் போடும் ஓலைப் பையை, பல்லில் கவ்வியபடி கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். தண்ணீர் வற்றுகிற அந்தச் சில மணி நேரம்தான் அவர்களுடைய பிழைப்பு. இருளர் பழங்குடிக் குடும்பங்கள். ஊருக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கட்டும் மீனவக் குடும்பங்கள் இல்லையென்பதால் ஊர்ப் பஞ்சாயத்தில் அவர்களுக்கு இடமில்லை. கூட்டம் நடந்ததே தெரியாது.

கன்றுகள் பெரும்பாலும் அழுகிப் போயின. எந்த வற்றத்திலும் முழுசாக வெளியே தெரியாத திட்டு அது. அந்த அக்காக்களைக் கேட்டிருந்தால் நடும் முன்பே சொல்லியிருப்பார்கள்.

யாரும் யாரையும் மிரட்டவில்லை. நேரத்தைக் குறித்தது யார், ஏட்டை எழுதியது யார் என்பதிலேயே அதிகாரம் இருந்தது. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து காட்டைக் காக்கும் கூட்டு வன மேலாண்மை 1990இல் தொடங்கியபோதும் இதே கதைதான்: குழு ஊருடையது, ஆனால் வனத்துறைக்காரர் செயலாளர், ஏடு அவர் கையில். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கே முடிவெடுக்கும் இடம் தந்தது. 2012இல் திருத்திய விதிகளின்படி உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். ஒடிசாவின் நியமகிரியில் 2013இல் 12 கிராம சபைகள் சுரங்கம் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது அந்தச் சட்டத்தின் பலத்தில்தான்.

ஆனால் இங்கே? ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டுப்பள்ளி, ஊராட்சி. கிராம சபை உண்டு. இந்தப் பக்கம் கத்திவாக்கம் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. வார்டுதான், கிராம சபை இல்லை. தண்ணீர் ஒன்று, சேறு ஒன்று, பேசும் உரிமை மட்டும் இரண்டு. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

சட்டம் மாறும்வரை குழு நடத்துகிற நாமாவது மாறலாம். இப்போதெல்லாம் முதலில் தண்ணீர் எப்போது வற்றும் என்று கேட்டுவிட்டுத்தான் தேதி குறிக்கிறேன். இருளர் தெருவிலேயே உட்கார்கிறோம். அப்புறம், கையெழுத்துக்கு முன் தீர்மானத்தைச் சத்தமாகப் படிக்கிறோம். போன முறை ஒரு அக்கா பாதியில் நிறுத்தச் சொன்னார். “கரையோர இடம்னு பொதுவா எழுதாதம்மா, எந்தத் திட்டுனு பேரோட எழுது.”

அடித்துவிட்டு, பேரோடு எழுதினோம்.