மழையே பெய்யவில்லையே, வெள்ளம் எப்படி வந்தது?

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில், வேலூரில் பாலத்தருகே நின்று பார்த்தபோது மூன்றாம் வகுப்பில் படித்த என் அக்கா மகள் கேட்டாள்: “இன்று மழையே பெய்யவில்லையே மாமா, இவ்வளவு தண்ணீர் எப்படி வந்தது?”

அருமையான கேள்வி. அவள் அறிந்த ஆறு, மணலும் சீமைக்கருவேலமும்தான். இந்த வயதில் மனம், கண்ணுக்கு அருகில் இருப்பதையே காரணமாகப் பிடித்துக்கொள்கிறது. அருகில் எதுவும் அகப்படாவிட்டால் யார் செய்த தவறு என்று தேடுகிறது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, திருடிவிட்டு ஓடிய சிறுவன் பாலம் உடைந்து நீரில் விழுந்த கதையைக் குழந்தைகளிடம் சொன்னார். திருடாமல் இருந்தால் பாலம் உடைந்திருக்காது என்றே ஆறு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் கருதினார்கள். பேரிடரைத் தண்டனை என்று நம்பும் குழந்தைக்கு அச்சம் மிஞ்சும். அறிகுறிகளைக் கவனிக்கத் தோன்றாது. அதனால்தான் “சாமி கோபித்துக்கொண்டது” என்ற பதிலை நான் வெறுக்கிறேன்.

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரம் வழியாக நம்மிடம் வருகிறது. மேலே பெய்த மழை இங்கு வந்துசேர நேரம் எடுக்கும்; அதற்குள் இங்கே வானம் வெளுத்திருக்கலாம். வழியெல்லாம் சங்கிலிபோல் ஏரிகள். மேல் ஏரி உடைந்தால் அந்த நீரும் சேர்ந்து கீழ் ஏரியின் கரையை முட்டும். 1903 நவம்பரில் அன்றைய மைசூர் பகுதியில் ஏரிகள் உடைந்தபோது, வாணியம்பாடியில் சுமார் 200 பேர் மாண்டார்கள்.

இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். சாய்ந்த பலகையில் ஈரமண்ணைப் பரப்பி, நடுவே பள்ளம் கீறி, குறுக்கே மூன்று குட்டிக் கரைகள் கட்டி, உச்சியில் ஒரு சொம்பு நீரை ஊற்றினால் போதும். முதல் கரை சற்றுத் தாங்கும். அது உடைந்ததும் மற்றவை சட்டென்று சரியும்.

2021 நவம்பர் 29ஆம் தேதி விடியற்காலையில் வேலூருக்குத் தென்மேற்கே 3.6 அளவில் நிலம் அதிர்ந்தது. வெள்ளம்தான் பூமியை ஆட்டியது என்றாள் அவள். மழைநீர் பாறை இடுக்குகளில் இறங்கிச் சில இடங்களில் சிறு அதிர்வுகளைத் தூண்டுவதுண்டு. ஆனால் பாறையில் இறுக்கம் முன்பே சேர்ந்திருக்க வேண்டும். காய்ந்த விளக்குமாற்றுக் குச்சி ஒன்றைக் கொடுத்து, மெல்ல வளைக்கச் சொன்னேன். வளைந்துகொண்டே போய்ப் படக்கென்று முறிந்தபோது விரல்கள் சுரீரென்று அதிர்ந்தன. இந்தியத் தட்டு, அதாவது நம் நாட்டைச் சுமக்கும் மாபெரும் பாறைப் பலகை, ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து இமயத்தை முட்டுகிறது; அந்த இறுக்கம் நம் பழம்பாறைகளின் விரிசல்களிலும் சேர்கிறது.

மறுநாள் அவளே பலகையில் புதிதாக ஆறு கட்டினாள். மணற்படுகையில் தீப்பெட்டி வீடு ஒன்று வைத்தாள். சொம்பைக் கையில் எடுத்தவள், ஊற்றும் முன் யோசித்து, வீட்டைத் தூக்கி மேட்டில் வைத்தாள்.