ஆண் திருக்கையைச் சேர்க்கும் முன்...

போன சித்திரையில் தேவகோட்டையிலிருந்து ஒருவர் போன் செய்தார். "சார், பொட்டைத் திருக்கைய ஏதோ கடிச்சிருக்கு, கொஞ்சம் வாங்க."

வளவை ஒட்டிய அறையில் எட்டடி நீளம், நாலடி அகலத் தொட்டி. மணலில் மோட்டோரோ என்ற ஆற்றுத் திருக்கை இனத்தின் பெண் படுத்திருந்தது. தட்டு போன்ற உடம்பின் பின்விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் பல் தடம். கடித்தது கூடவே கிடந்த ஆண்தான். ஆற்றுத் திருக்கையில் ஆண், பெண்ணின் விளிம்பைக் கவ்விப் பிடித்துத்தான் இணையும். அந்தக் காயம் சுத்தமான தண்ணீரில் தானே ஆறிவிடும். அவரோ செம்பு கலந்த மருந்தைக் கையில் வைத்திருந்தார். திருக்கைக்கு அது விஷம். ஊற்றவிடாமல் தடுத்தேன்.

எனக்குக் கவலை வேறு. வாலடியில் இரண்டு பக்கமும் இடுப்புக் குருத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இவ்வளவு மெலிந்த பெண் சினைப்படக் கூடாது. இந்த மீன் முட்டையிடாது, குட்டி போடும். தாயின் கருப்பைச் சுவரில் இழை இழையாக வளரும் சதை பால் போன்ற சத்துநீரைச் சுரக்கும். குட்டி அதைக் குடித்துத்தான் வளரும். தொட்டியில் ஏறத்தாழ மூன்று மாதம் சுமக்கும். பெண்ணின் உடம்பில் இருப்பு இல்லையென்றால் பால் எங்கிருந்து வரும்?

அந்த வீட்டு ஆச்சி பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, பிள்ளை பெத்தவளுக்குத் திருக்கை ஆக்கிக் கொடுப்போம். இதுவே பிள்ளை பெறப் போகுதா?"

ஆணைத் தனித்தொட்டிக்கு மாற்றினோம். பெண்ணுக்கு மண்புழு, தொண்டிப் பக்கமிருந்து வரும் இறால், மீன் துண்டு என்று மாற்றி மாற்றி இரண்டு மாதம். தண்ணீர்தான் நம் ஊரில் பெரும்பாடு. போர் தண்ணீர் கடினம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பகலில் திறந்தால் கொதிக்கும். விடிகாலையில் மாற்றச் சொன்னேன். மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்தில் நிற்க வேண்டும், சூடு 26 முதல் 28 டிகிரிக்குள். ஹீட்டருக்குக் கூடு போடாவிட்டால் திருக்கை அதன்மேல் படுத்துச் சுட்டுக்கொள்ளும். கை வைக்கும்போது வால் முள்ளில் கவனம். குத்திவிட்டால் கை பொறுக்கும் வெந்நீரில் அமிழ்த்தி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குட்டிகளுக்கு இடம் பார்க்காமல் ஜோடி சேர்க்காதீர்கள். மிஞ்சியதை ஊருணியில் விடலாமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். கூடவே கூடாது. சிங்கப்பூரின் அப்பர் செலெட்டார் நீர்த்தேக்கத்தில், தென் அமெரிக்காவின் இதே மோட்டோரோ இனம் பெருகி நிலைத்துவிட்டது. வாங்குவதிலும் கவனம் வேண்டும். கறுப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டுள்ள லியோபோல்டி என்ற இன்னொரு ஆற்றுத் திருக்கை, பிரேசிலின் ஷிங்கு ஆற்றுப்படுகைக்கே உரியது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் மாநாடு 2022இல் பனாமாவில் நடந்தபோது, அதை இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. உரிய ஆவணம் இல்லாமல் வாங்கவோ விற்கவோ வேண்டாம்.

தேவகோட்டையில் பெண்ணின் இடுப்புக் குருத்தெலும்பு சதையில் மூடிய பிறகே, ஆடியில், ஆணைச் சேர்த்தோம். கார்த்திகையில் நான்கு குட்டிகள். உள்ளங்கை அளவில், தாயின் அதே ஆரஞ்சு வளையங்களோடு, விளிம்பை அலையவிட்டு மணலைத் தூவி மூடிக்கொண்டன. மூன்றாம் நாள் ஒன்று மட்டும் மேலே வந்து, பொடியாய் நறுக்கிய மண்புழுவை எடுத்தது.