தூசு வெடிக்குமா? ஓஷாவின் மாதிரிச் சோதனையும் அதன் எண்களும்

சர்க்கரை, மரத்தூள், மாவு, பிளாஸ்டிக் பொடி, அலுமினியத் தூள் எல்லாமே காற்றில் மேகமாக எழுந்து பொறி பட்டால் வெடிக்கக்கூடியவை. ஆனாலும் எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான தூசு விதி எதுவும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் இல்லை. தானியக் கிடங்குகளுக்கு மட்டும் 1910.272 என்ற தனி விதி உண்டு. மற்ற ஆலைகளில் தொழிலிடப் பாதுகாப்பு நிறுவனமான ஓஷா ஒரு சிறப்பு ஆய்வுத் திட்டத்தை நடத்துகிறது. 2007இல் தொடங்கிய திட்டம் இது. 2008 பிப்ரவரி 7 அன்று ஜார்ஜியாவின் போர்ட் வென்ட்வொர்த் சர்க்கரை ஆலை வெடித்து 14 உயிர்கள் போனதை அடுத்து, மார்ச் மாதமே இதைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். கடைசித் திருத்தம் 2023 ஜனவரியில் வந்தது.

தனி விதி இல்லாததால், 1970ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தின் பொதுக் கடமைப் பிரிவு (கடும் அபாயம் இல்லாத பணியிடத்தை முதலாளி தர வேண்டும் என்பது), துப்புரவு விதி, மின்கருவி விதி ஆகியவற்றின் கீழ்தான் நோட்டீஸ் வரும். பொதுக் கடமைப் பிரிவைக் காட்டினால் அபாயம் உண்மையில் இருந்தது என்பதை ஓஷாவே நிரூபிக்க வேண்டும். அதனால்தான் தூசு மாதிரிக்கு இத்தனை மதிப்பு.

ஆய்வாளர் ஏறக்குறைய ஒரு லிட்டர் தூசு சேகரிப்பார். தரையில் கிடக்கும் குப்பையை அவர் தேடுவதில்லை. கூரை உத்திரம், மின்கேபிள் தட்டு, குழாயின் மேல்பக்கம், டஸ்ட் கலெக்டர் எனும் தூசு உறிஞ்சும் கருவியின் உள்புறம் என்று பார்ப்பார். உயரே போய்ப் படிவது மிக நுண்ணிய தூசு. முதல் சிறு வெடிப்பின் அதிர்வில் உதிர்ந்து இரண்டாவது பெரிய வெடிப்புக்குத் தீனியாவதும் அதுதான். வாருவதற்கு இயற்கை நார்ப் பிரஷும் பொறி கிளப்பாத கரண்டியும் வேண்டும். மாதிரிகள் யூட்டா மாநிலத்தில் ஓஷாவின் சால்ட் லேக் ஆய்வகத்துக்குப் போகும்.

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஆலை நிர்வாகம் மூட்டையில் இருக்கும் பொருளை அனுப்பிச் சோதித்து, ‘எங்கள் பொருள் வெடிக்காது’ என்று சான்றிதழ் வைத்திருக்கும். மூட்டையில் இருப்பது 500 மைக்ரான் (அரை மி.மீ.) மணி. உத்திரத்தில் இருப்பது 50 மைக்ரான் பொடி. வெடிப்பைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு. புத்தக அட்டவணையில் ‘சர்க்கரை’ என்று பார்த்து எண் எடுப்பதிலும் இதே ஓட்டைதான்.

ஆய்வகத்தில் முதலில் ஈரப்பதமும், 40 மெஷ் சல்லடையில், அதாவது 425 மைக்ரான் கண்ணில், எவ்வளவு இறங்குகிறது என்பதும் பார்க்கப்படும். வெடிப்பின் வேகத்தை அளக்க 20 லிட்டர் உருண்டைக் கலம். ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் இ1226 சோதனை முறைப்படி, ஈரம் 5 சதவீதத்துக்குள், 95 சதவீதம் 75 மைக்ரானுக்குக் கீழ் இருக்கும் தூளே பரிந்துரைக்கப்படுகிறது. கலத்தில் ஓரளவு வெற்றிடம் உண்டாக்கி, சுமார் 20 பார் அழுத்தக் காற்றால் தூளை உள்ளே பீய்ச்சி, 60 மில்லி வினாடி கழித்து 5 கிலோஜூல் ரசாயனப் பற்றுவிப்பான்கள் இரண்டை வெடிக்க வைப்பார்கள். கன மீட்டருக்கு 250, 500, 750 கிராம் என அளவைக் கூட்டிக்கொண்டே போய், அழுத்தம் உயரும் வேகம் உச்சம் தொடும் இடத்தைப் பிடிப்பார்கள். அந்த உச்ச வேகத்தைக் கலக் கொள்ளளவின் கனமூலத்தால் (20 லிட்டருக்கு 0.271) பெருக்கினால் கே.எஸ்.டி. மதிப்பு, அதாவது வெடிப்பின் வேகத்தைக் காட்டும் எண். நொடிக்கு 500 பார் உயர்ந்தால் சுமார் 136.

இந்த எண்ணை வைத்துத் தூசை வகை பிரிப்பார்கள்: பூஜ்யத்துக்கு மேல் 200 வரை எஸ்.டி.1, 300 வரை எஸ்.டி.2, அதற்கு மேல் எஸ்.டி.3. எஸ்.டி.1 என்றதும் ‘லேசான ரகம்’ என்று நிம்மதி அடைவது பெரிய தவறு. சர்க்கரையும் பெரும்பாலான மரத்தூளும் அந்த வகைதான். இன்னொரு சிக்கல்: 10 கிலோஜூல் தீப்பொறி அந்தச் சிறு கலத்துக்கு மிக அதிகம். மெதுவாக எரியும் தூசுகூட (கே.எஸ்.டி. 50க்குக் கீழ்) வெடிப்பது போலக் காட்டிவிடலாம். எல்லைக்கோட்டில் நிற்கும் முடிவை 1 கன மீட்டர் கலத்தில் மறுபடி பார்க்கக் கேளுங்கள். அலுமினியத் தூளுக்கு எதிர்மாறான ஆபத்து உண்டு: காற்றுப்பட வைத்திருந்தால் மேற்புறம் ஆக்சைடாகி, உண்மையை விடச் சாதுவான எண் வரும். காற்றுப்புகாத டப்பாவில் உடனே அனுப்ப வேண்டும்.

வெடித்தால் அழுத்தத்தை வெளியே விடும் திறப்பு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கே.எஸ்.டி. சொல்லும். எதனால் பற்றும் என்று சொல்லாது. அதற்குக் குறைந்தபட்சப் பற்றும் ஆற்றல் சோதனை தேவை. 30 மில்லிஜூலுக்குக் கீழ் வந்தால் இயந்திரத்தோடு அங்கே வேலை செய்பவர்களுக்கும் எர்த்திங் வேண்டும். செருப்பு, தரை இரண்டும் கணக்கில் வரும். சூடான மோட்டார், பேரிங் மேல் படியும் தூசுக்கு, மேகம் பற்றும் வெப்பநிலையையும் படலம் பற்றும் வெப்பநிலையையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

துப்புரவில் ஓஷாவின் ஆய்வு அறிவுறுத்தல் காட்டும் அளவுகோல் 1/32 அங்குலம், ஏறத்தாழ 0.8 மி.மீ. அந்தத் தடிமனில் அறையின் தரைப்பரப்பில் 5 சதவீதத்துக்குச் சமமான பரப்பு மூடியிருந்தால் உடனே சுத்தம் செய்ய வேண்டும். 20,000 சதுர அடிக்கு மேற்பட்ட தளத்தில் வரம்பு 1,000 சதுர அடி. இவ்வளவு மெல்லிய படிவா என்று தோன்றலாம், கணக்கைப் பாருங்கள். கன மீட்டருக்கு 500 கிலோ அடர்த்தியுள்ள தூசு 0.8 மி.மீ. படிந்தால் சதுர மீட்டருக்கு 400 கிராம். அது 3 மீட்டர் உயரத்துக்குப் பரவினால் கன மீட்டருக்கு 133 கிராம். பல தூசுகள் 30 முதல் 60 கிராமிலேயே வெடிக்கும். அறை முழுதும் நிரம்ப வேண்டியதில்லை, ஒரு மூலையில் மேகம் எழுந்தால் போதும். இதை அழுத்தக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்பவர் அந்த மேகத்தைத் தானே கிளப்புகிறார்.

நோட்டீஸ் கிடைத்த நிறுவனம் 15 வேலை நாட்களுக்குள் ஆட்சேபிக்கலாம். தொழிலாளியோ ஆய்வு கேட்டு ஓஷாவிடம் புகார் தரலாம். பெயரை நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டாம் என்றும் கேட்கலாம். புகாருக்காகப் பழிவாங்கப்பட்டால், 11(சி) பிரிவின் கீழ் 30 நாட்களுக்குள் முறையிட வேண்டும். சில மாநிலங்கள் ஓஷாவின் ஒப்புதலோடு சொந்தத் திட்டம் நடத்துவதால், அங்கே மாநில அலுவலகத்தின் விதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.